உப்பும் குளிசையும்

அன்புவழிபுரத்தில் வீடு வீடாகச் செல்கையில், அடுப்பருகே திறந்த சிரட்டையில் உப்பு இருப்பதைப் பல தடவை கண்டிருக்கிறேன். இலங்கையில் 1995 முதல் உணவு உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயம். தைரொயிட் சுரப்பிக்கு அது தேவை. கர்ப்பிணிக்குக் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம். ஈரமும் வெப்பமும் அயடீனைக் குறைத்துவிடும். எனவே உப்பை மூடிய போத்தலில் வையுங்கள். கறி இறக்கும்போது அளவாகப் போடுங்கள்.

“அப்ப தைரொயிட் குளிசையை விடலாமோ, மிஸ்?” என்று கர்ப்பிணித் தாயொருவர் கேட்டார். கூடவே கூடாது. சுரப்பி குன்றியவருக்கு உப்பு மருந்தாகாது. அதிகாலையில் வெறும் வயிற்றில் குளிசையைத் தண்ணீருடன் விழுங்குங்கள்; தேநீருக்கு அரை மணி நேரமாவது பொறுங்கள். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து, கல்சியக் குளிசைகளை நான்கு மணி நேரம் கழித்தே எடுங்கள். கர்ப்பம் தெரிந்த உடனேயே வைத்தியரிடம் சொல்லுங்கள். அளவைக் கூட்ட வேண்டிவரலாம்.