விளையாட்டில் விரியும் வரலாறு

லீனா பதினான்கு வயதுச் சிறுமி. ரஷ்யப் பேரரசிலிருந்து 1907ஆம் ஆண்டு நியூயார்க் வந்து சேர்ந்த யூதப் பெண். 'மிஷன் யூஎஸ்' என்னும் இணையவழி விளையாட்டில் வரும் கற்பனைப் பாத்திரமே இவள். ஆயினும் இவள் பின்னே நிற்பது மெய்யான வரலாறு.

நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவின் வழியே 1892 முதல் 1954 வரை அமெரிக்கா புகுந்தோர் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர். 1907இல் மட்டுமே பத்து லட்சத்திற்கும் அதிகம். கண்நோய் காரணமாகத் திருப்பி அனுப்பப்பட்டோரும் உண்டு.

விளையாடும் பிள்ளை லீனாவாகவே மாறுகிறது. வேலை தேட வேண்டும். ஈட்டிய கூலியால் குடும்பத்தைத் தாங்க வேண்டும். தொழிலாளர் கிளர்ச்சி எழுகையில் சேர்வதா, ஒதுங்குவதா என முடிவு செய்ய வேண்டும். 1909இல் அந்நகரில் சட்டை தைக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்தம் மனப்போராட்டம் பிள்ளைக்கு இவ்வாறு விளங்குகிறது. பாடநூலின் ஒரு பத்தி இதனைச் செய்தல் அரிது.

எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. விளையாட்டில் தவறினால் மீண்டும் தொடங்கலாம். கரையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தாய்க்கு அது எளிதன்று. இவ்வேறுபாட்டைக் கணினி சொல்லித் தராது. பெற்றோராகிய நாமே பிள்ளையின் அருகமர்ந்து எடுத்துரைப்போம். பின்னர் நம் தெருவிற்கு ஒரு வேற்றூர்க் குடும்பம் வந்தால், நம் பிள்ளை அவர்களை அந்நியராய் நோக்காது.