மைன்கிராஃப்ட்டுக்கு சொந்த சர்வர்: ஓட வைப்பது ஈஸி, காப்பாற்றுவது எப்படி?

நான்கு நண்பர்கள் சேர்ந்து மைன்கிராஃப்ட்டில் மாதக்கணக்கில் ஓர் ஊரையே கட்டுகிறார்கள். ஆனால் அந்த ஊர் இருப்பது ஒருவரின் லேப்டாப்பில். அவர் லேப்டாப்பை மூடினால் மற்ற மூவரும் வெளியே! இதற்குத் தீர்வுதான் ‘டெடிகேட்டட் சர்வர்’. அதை ஓட வைப்பது பெரிய வித்தை இல்லை. கட்டிய ஊரைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் உண்மையான வேலை.

டெடிகேட்டட் சர்வர் என்றால் என்ன?

திரையில் கேமைக் காட்டாமல், அந்த உலகத்தின் கணக்குகளை மட்டும் போட்டு எல்லோருக்கும் அனுப்பும் மென்பொருள் இது. யார் உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஜாவா எடிஷனுக்கான சர்வர் ஃபைலை மைன்கிராஃப்ட் தளத்திலேயே இலவசமாக டவுன்லோடு செய்யலாம். சரியான ஜாவா பதிப்பு வேண்டும். உதாரணமாக, 1.20.5 பதிப்பிலிருந்து ஜாவா 21 கட்டாயமானது.

முதல் முறை ஓட்டியதும் சர்வர் தானாக நின்றுவிடும். பயப்பட வேண்டாம். ‘யூலா’ என்ற டெக்ஸ்ட் ஃபைலில் ‘ஃபால்ஸ்’ என்றிருப்பதை ‘ட்ரூ’ என்று மாற்றினால், விதிமுறைகளை ஏற்றதாக அர்த்தம். மறுபடி ஓட்டினால் உலகம் ரெடி.

லேக் ஏன் வருகிறது?

சர்வர் ஒரு நொடிக்கு 20 முறை உலகத்தைப் புதுப்பிக்கும். ஒவ்வொரு முறைக்கும் கிடைக்கும் நேரம் 50 மில்லி செகண்ட்தான். அதற்குள் கணக்கு முடியாவிட்டால் கேம் இழுக்கும். இந்த வேலையின் பெரும்பகுதி பிராசஸரின் ஒரே கோரில் நடக்கிறது. அதனால் கோர்களின் எண்ணிக்கையைவிட, ஒரு கோரின் வேகமே முக்கியம். ரேமை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் பலன் இருக்காது.

செலவில்லாத வழி ஒன்று இருக்கு. ‘சர்வர் ப்ராபர்ட்டீஸ்’ ஃபைலில் ‘வியூ டிஸ்டன்ஸ்’ 10 என்று இருக்கும். அப்படியானால் ஒவ்வொருவரைச் சுற்றியும் 441 சங்க்குகளை (16-க்கு 16 பிளாக் கொண்ட துண்டுகள்) சர்வர் தயாராக வைத்திருக்க வேண்டும். அதை 6 ஆக்கினால் 169 போதும். ‘சிமுலேஷன் டிஸ்டன்ஸ்’ அளவையும் சேர்த்துக் குறைத்தால் சுமை நன்றாக இறங்கும்.

நண்பர்களால் உள்ளே வர முடியவில்லையா?

வீட்டில் சர்வர் வைத்தால், ரவுட்டரில் 25565 என்ற போர்ட்டைத் திறந்துவிட வேண்டும். அப்படியும் வேலை செய்யவில்லை என்றால், உங்கள் இணைய நிறுவனம் ஒரே ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தந்திருக்கலாம். தனி பொது ஐபி கேட்டு வாங்கலாம், அல்லது கிளவுடில் சர்வரை வாடகைக்கு எடுக்கலாம். இந்தியாவில் இருந்து விளையாடுபவர்களுக்கு, ஐரோப்பாவில் உள்ள சர்வரைவிட மும்பையில் உள்ளதில் பிங் குறைவாக இருக்கும்.

கதவைத் திறந்தால் போதுமா?

போதாது. திறந்திருக்கும் சர்வர்களைத் தேடி இணையத்தைத் துழாவும் பாட்கள் உண்டு. ‘ஒயிட்லிஸ்ட்’டை ஆன் செய்தால், பட்டியலில் பெயர் உள்ளவர்கள் மட்டுமே நுழைய முடியும். ‘ஆன்லைன் மோட்’ எப்போதும் ‘ட்ரூ’வாக இருக்கட்டும். அதை அணைத்தால் அக்கவுன்ட் சரிபார்ப்பே நடக்காது. யார் வேண்டுமானாலும் அட்மின் பெயரிலேயே உள்ளே வந்து, ஊரை இடித்துவிட்டுப் போகலாம்.

அப்டேட்டும் தள்ளிப்போடக் கூடாத விஷயம். 2021 டிசம்பரில் ‘லாக்ஃபோர்ஜே’ என்ற ஜாவா மென்பொருளில் ஓட்டை இருப்பது வெளியே தெரியவந்தது. சாட்டில் ஒரு வரி டைப் செய்தே மைன்கிராஃப்ட் சர்வரைக் கைப்பற்ற முடிந்தது. அதைச் சரிசெய்ய அவசரமாக 1.18.1 பதிப்பு வெளியானது.

பேக்கப் எடுப்பது எப்படி?

உலகம் முழுவதும் இருப்பது ‘வேர்ல்டு’ என்ற ஒரே ஃபோல்டரில். சர்வர் அதில் எழுதிக்கொண்டிருக்கும்போது காப்பி செய்தால், காப்பி பழுதாகலாம். எனவே சர்வரை முறையாக நிறுத்திவிட்டு காப்பி எடுப்பதே பாதுகாப்பு. அந்த காப்பி வேறொரு கம்ப்யூட்டரிலோ கிளவுடிலோ இருக்கட்டும். அதே ஹார்ட் டிஸ்க்கில் வைத்தால், டிஸ்க் போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும்.

புதிய பதிப்புக்கு மாறும் முன் கண்டிப்பாக ஒரு காப்பி எடுங்கள். மாறிய உலகத்தைப் பழைய பதிப்பில் பத்திரமாகத் திறக்க முடியாது. எடுத்த காப்பியை எப்போதாவது ஒருமுறை வேறு இடத்தில் ஓட்டியும் பாருங்கள். திறக்காத பேக்கப் இருந்தும் பிரயோஜனம் இல்லை.