கண் உறுத்துதா? சொட்டு மருந்து எப்போது கைகொடுக்கும், எப்போது கைவிடும்?

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை அருகே உள்ள தாயில்பட்டி, பட்டாசுத் தொழிலை நம்பியிருக்கும் ஊர். அம்மா பட்டாசு ஆலைக்குப் போவார். மகளோ சென்னையில் லேப்டாப் முன்பு உட்கார்ந்திருப்பார். போனில் பேசும்போது இருவர் புகாரும் ஒன்றாகவே இருக்கலாம்: "கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துது." மகள் சொல்லும் வைத்தியமும் ரெடி: "நான் போடுற சொட்டு மருந்தையே மெடிக்கல்ல வாங்கிப் போடுங்கம்மா."

இது சரியா?

கண் ஏன் வறள்கிறது?

கண்ணின் மேல் மெல்லிய கண்ணீர்ப் படலம் இருக்கிறது. அதில் சளி, நீர், எண்ணெய் மூன்றும் உண்டு. நீர் குறைந்தாலோ, எண்ணெய் குறைந்து நீர் வேகமாக ஆவியானாலோ கண் வறளும். நிமிடத்துக்கு சுமார் 15 முறை இமைக்கும் நாம், ஸ்கிரீனைப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. மகளுக்கு இதுவும் ஏசி காற்றும் காரணமாகலாம். அம்மாவுக்கு வெயில், தூசி, மாதவிடாய் நின்ற பின் வரும் ஹார்மோன் மாற்றம், அலர்ஜி மாத்திரை எனப் பட்டியல் வேறு.

சொட்டு மருந்து என்ன செய்யும்?

கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், சோடியம் ஹயலுரோனேட் போன்றவை உள்ள மருந்துகள் 'செயற்கைக் கண்ணீர்' எனப்படுகின்றன. இவை படலத்தை ஈரமாக வைத்து உறுத்தலைக் குறைக்கும். காரணத்தைக் குணப்படுத்தாது.

ஒரு நாளைக்கு 4 முறைக்கு மேல் போட வேண்டியிருந்தால், பிரிசர்வேட்டிவ் இல்லாத வகையை டாக்டரிடம் கேளுங்கள். பென்சால்கோனியம் குளோரைடு போன்ற பிரிசர்வேட்டிவ் அடிக்கடி பட்டால், அதுவே கண்ணை எரிச்சலூட்டும்.

எப்படிப் போடுவது?

கை கழுவி, கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு போதும். பாட்டில் நுனி கண்ணில் படக்கூடாது. வேறு மருந்தும் இருந்தால் 5 நிமிட இடைவெளி விடுங்கள். திறந்த தேதியை பாட்டிலில் எழுதுங்கள். பெரும்பாலான பாட்டில்களை ஒரு மாதத்தில் தூக்கிப்போட வேண்டும். ஒரே பாட்டிலை வீடே பயன்படுத்துவது வேண்டாம்.

சுத்தம் ஏன் முக்கியம்? சென்னை அருகே தயாரான செயற்கைக் கண்ணீர் மருந்து ஒன்று, கிருமித் தொற்றோடு தொடர்புபடுத்தப்பட்டு 2023 பிப்ரவரியில் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. அந்தத் தொற்று 18 மாநிலங்களில் 81 பேரைத் தாக்கியது. 4 பேர் இறந்தனர், 14 பேருக்குப் பார்வை பறிபோனது. தாங்கள் சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்றது தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை.

எதை வாங்கக் கூடாது?

'கண் எரியுது' என்று மட்டும் சொன்னால் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் கைக்கு வந்துவிடலாம். அது உடனே இதமாக இருக்கும். ஆனால் கண்காணிப்பின்றித் தொடர்ந்தால் கண் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு பாதிக்கப்படலாம், கண்புரையும் வரலாம். சிவப்பை மறைக்கும் சொட்டு மருந்தும் வறட்சிக்குத் தீர்வல்ல.

எப்போது டாக்டர்?

பட்டாசு மருந்து கண்ணில் பட்டால் சொட்டு மருந்தைத் தேட வேண்டாம். கசக்காமல், சுத்தமான தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வலி, பார்வை மங்கல், வெளிச்சம் கூசுதல், சீழ் இருந்தாலும் தாமதிக்காதீர்கள்.

எனவே மகள் போனில் சொல்ல வேண்டியது வேறு: "லீவு நாள்ல கண் டாக்டர்கிட்ட ஒருதடவை காட்டிட்டு வாங்கம்மா. என்ன சொட்டு மருந்துன்னு அவங்களே சொல்லட்டும்."