உங்களுக்குத் தெரியுமா? தண்ணீர் தீர்ந்தால் முள் ஏறாமலும் போகும்!

ரேடியேட்டர் தண்ணீர் மொத்தமும் ஒழுகிப்போன லாரியில், எஞ்சின் தகித்துக்கொண்டிருந்தாலும் டெம்பரேச்சர் மீட்டரின் முள் 'நார்மல்' என்றே காட்டக்கூடும். சென்சார் அளப்பது தன்னைத் தொட்டு நிற்கும் தண்ணீரின் சூட்டைத்தான். தண்ணீர் இறங்கி அது காற்றில் நின்றால், இரும்பின் சூடு அதற்குச் சரியாக எட்டாது. பெரும்பாலான வண்டிகளில் சென்சார் வயர் அறுந்தாலும் முள் குளிர்ந்த பக்கமே சாயும்.

ஆகவே, தாம்பரம்–பெருங்களத்தூர் நெரிசலில் ஊர்ந்து, வண்டலூரிலிருந்து ஒரகடம் வரை பாரம் இழுக்கும் லாரிக்குத் தனி மீட்டர் வாங்குவோர் டெம்பரேச்சர் மீட்டரோடு நிற்கக் கூடாது. தண்ணீர் மட்டம் குறைந்தால் கத்தும் அலாரமும், ஆயில் பிரஷர் மீட்டரும் சேர்ந்தால்தான் காவல் முழுமையாகும். 'டாஷ்போர்டில்தான் ஆயிலுக்குச் சிவப்பு விளக்கு இருக்கிறதே' என்பார்கள். சாதாரண ஆயில் விளக்கு, பிரஷர் ஏறக்குறைய அடிமட்டத்துக்கு வந்த பிறகே எரியும். மீட்டரோ படிப்படியான இறக்கத்தை முன்பே காட்டிக்கொடுக்கும். மீட்டர் வாங்கி மாட்டும்போது கவனிக்க வேண்டியவை:

• வோல்டேஜ்: கனரக லாரிகள் பல 24 வோல்ட். காருக்கான 12 வோல்ட் மீட்டரை அதில் மாட்டினால் எரிந்துபோகலாம்.

• ஜோடி: மீட்டரும் சென்சாரும் ஒரே செட்டாக இருக்கட்டும். ஓம் அளவு பொருந்தாவிட்டால் முள் காட்டுவது தப்புக் கணக்கு.

• எர்த்: ஒற்றை வயர் சென்சாருக்கு அதன் மரையே எர்த். அதில் டெஃப்ளான் டேப்பைத் தடிமனாகச் சுற்றினால் இணைப்பு கெடும்.

• டி-பீஸ்: கம்பெனி ஆயில் சென்சாரைக் கழற்றி எறிய வேண்டாம். டி-பீஸ் போட்டால் பழைய விளக்கும் புது மீட்டரும் சேர்ந்தே வேலை செய்யும்.