இடுப்பில் எது... பெரிசா, சின்னதா?

சினிமா வில்லனின் பிஸ்டலில் குண்டு தீருவதே இல்லை. கார், கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் சுட்டுவிட்டு, கடைசியில் ஹீரோவுக்கு மட்டும் குறி தவறும்! நிஜ பிஸ்டல் அப்படியில்லை. உள்ளே எத்தனை இருக்கிறது, கை தாங்குமா, சட்டைக்கு வெளியே துருத்துமா என்று ஆயிரம் கணக்கு. அதில் முதல் கணக்கு: ஃபுல் சைஸா, காம்பாக்டா?

எங்கள் முத்தாபுதுப்பேட்டையில் இந்தப் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. ஊரிலேயே ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன். பக்கத்து ஆவடியில் டாங்கி செய்கிறார்கள், சிப்பாய்களுக்கு உடுப்பு தைக்கிறார்கள், சி.ஆர்.பி.எஃப். முகாம் வேறு. டீக்கடை பெஞ்சில் கிரிக்கெட் முடிந்தால் அடுத்த சப்ஜெக்ட் ஆயுதம்தான்.

ஆபீஸ் நண்பர் ஒருவர் போன மாதம் என்னிடம் வந்தார். சாயங்காலத்தில் அப்பாவின் மொத்த வியாபாரத்தையும் பார்த்துக்கொள்கிறவர். வசூல் பணத்தோடு ராத்திரி பத்து மணிக்குத் தனியாக பைக்கில் வருவார். இரண்டு தடவை யாரோ பின்னாலேயே வந்திருக்கிறார்கள்.

"லைசென்ஸுக்கு மனு போடலாம்னு இருக்கேன் பாஸ். பெரிசு வாங்கறதா, சின்னது வாங்கறதா?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. முகத்தில் பயம் தெரிந்தது. எதிர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருப்பவர் ஏர்ஃபோர்ஸில் ஆயுதப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் 'சார்ஜெண்ட் சார்'.

அவர் பேத்தியின் பையிலிருந்து இரண்டு ஸ்கேல்களை எடுத்தார். ஒன்று பன்னிரண்டு இன்ச், இன்னொன்று ஆறு இன்ச்.

"தம்பி, பின் முனையை ஆட்டாம, முன் முனையை ஒரு மில்லிமீட்டர் நகர்த்துங்க. எது அதிகமாத் திரும்புது?"

சின்ன ஸ்கேல்தான். இரண்டு மடங்கு.

பிஸ்டலிலும் அதே கதை. பின்னால் ஒரு குறிக்காடி, முன்னால் ஒரு முனை. இரண்டுக்கும் நடுவில் தூரம் குறையக் குறைய, கை செய்கிற சின்னத் தப்பு பெரிதாகிவிடும். ஆஸ்திரிய நாட்டு க்ளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே குடும்பத்தில் மூன்று சைஸ். 1982-ல் வந்த மாடல் 17 பெரியண்ணன்: சுமார் 20 செ.மீ. நீளம், 17 குண்டுகள். 1988-ல் வந்த 19, காம்பாக்ட்: 18½ செ.மீ., 15 குண்டுகள். கடைக்குட்டி 26: 16½ செ.மீ., 10 குண்டுகள். முன்முனையில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், 25 மீட்டர் தூரத்தில் பெரியண்ணன் 15 செ.மீ. தப்புவான். கடைக்குட்டி 18 செ.மீ.

"மூணு செ.மீ.தானா?" என்று நண்பருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"காகிதத்துல மூணு. கையில முப்பது!" என்றார் சார்ஜெண்ட் சார்.

காரணம், உதை. தோட்டா முன்னால் பாய்கிற வேகத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னால் உதைக்கும். துப்பாக்கி கனமாக இருந்தால் அந்த உதை மெதுவாகத்தான் தெரியும். லேசாக இருந்தால் நம் மணிக்கட்டுக்கு வேகமாக வரும். குட்டி பிஸ்டலின் பிடியில் இரண்டு விரலுக்குத்தான் இடம். சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும்! முதல் குண்டு போய், அடுத்ததற்குக் குறியைத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் நேரம் ஓடிவிடும். குழல் குட்டையானால் குண்டின் வேகமும் கொஞ்சம் குறையும்.

அப்படியானால் பெரிசே வாங்கிவிடலாமே? அங்கேதான் சிக்கல். நம் ராணுவம் வெகுகாலமாக வைத்திருக்கும் 9 மி.மீ. பிஸ்டல், இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்தது. 1935-ல் பெல்ஜியத்தில் வந்த பிரௌனிங் ஹை-பவர் அதற்கு மூலம். 13 குண்டுகள். வெறுமனே தூக்கினாலே கிட்டத்தட்ட ஒரு கிலோ. யூனிஃபாரம், தடித்த பெல்ட், வெளியே தெரிகிற உறை எல்லாம் இருந்தால் சரி. டெரிகாட்டன் பேண்ட்டும் அரைக்கை சட்டையும் போட்டு ஆவடியில் மின்சார ரயிலுக்கு ஓடுகிற நமக்கு? பேண்ட் ஒரு பக்கமாக இறங்கும். வேட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்!

பெரிய பெரிய படைகளுக்கே இந்தக் குழப்பம் உண்டு. அமெரிக்க ராணுவம் 2017-ல் பழைய பெரெட்டாவைக் கழித்துவிட்டு சிக் சாவர் பி-320-ஐத் தேர்ந்தெடுத்தது. பெரிசுக்கு எம்-17 என்று பெயர், சின்னதுக்கு எம்-18. அவர்களுடைய கடற்படைத் தரைப்படையான மரீன்கள் சின்னது ஒன்றே எல்லோருக்கும் போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். பெரிய கைக்கும் சின்னக் கைக்கும், காவலுக்கும் பயணத்துக்கும் நடுத்தரமாக ஒன்று இருந்தால் தேவலை என்கிற கணக்கு.

நண்பர் உற்சாகமாகி, "அப்போ க்ளாக் 19 வாங்கிடறேன் சார்!" என்றார்.

சார்ஜெண்ட் சார் சிரித்தார். "வாங்க முடியாது தம்பி."

9 மி.மீ. நம் நாட்டில் தடை செய்யப்பட்ட ரகம். சாதாரண ஜனங்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது .32 பிஸ்டல். அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்பான 'அஷானி' அந்த ரகம்தான். .32 குண்டின் சக்தி 9 மி.மீ. குண்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஆகவே நம்மூர் ஆசாமிக்கு 'பெரிசா, சின்னதா' என்பதைச் சட்டமே பாதி தீர்மானித்துவிடுகிறது.

மீதிப் பாதியையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. 21 வயது முடிந்திருக்க வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. 2016 ஆயுத விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். பொது இடத்தில் கொண்டுபோனால் உறைக்குள், வெளியே தெரியாமல் மூடி வைத்திருக்க வேண்டும். தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். கல்யாண ஊர்வலத்தில் ஜாலியாக வானத்தைப் பார்த்துச் சுட்டால், 2019 திருத்தப்படி இரண்டு வருஷம் வரை ஜெயில், இல்லாவிட்டால் ஒரு லட்சம் வரை அபராதம், சமயத்தில் இரண்டுமே. லைசென்ஸ் இல்லாமல் தடை ரகத்தை வைத்திருந்தால் குறைந்தது ஏழு வருஷம்!

நண்பர் விடவில்லை. "மூடி வைக்கணும்னா காம்பாக்ட்தானே சார் சரி?"

சார்ஜெண்ட் சார் இரண்டு ஸ்கேலையும் கீழே வைத்தார். "வீட்ல குழந்தைங்க இருக்காங்களா?"

"ஒரு பொண்ணு. மூணு வயசு."

"ராத்திரி பத்தரைக்கு அலுத்துப்போய் வருவீங்க. பேண்ட்டைக் கழட்டி எங்க மாட்டுவீங்க?"

நண்பர் பதில் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணி. எல்லார் வீட்டிலும் அதே ஆணிதான்.

"பெரிசு இடுப்பை உறுத்தும். வந்ததும் கழட்டிப் பூட்டிடுவீங்க. சின்னது உறுத்தாது. உறுத்தலைன்னா மறந்துபோகும். இன்னொண்ணு... மேகஸினை உருவிட்டாக் காலின்னு நினைப்பாங்க. உள்ளே சேம்பர்ல ஒரு குண்டு உட்கார்ந்திருக்கும். குழந்தைக்கு விசையை ஒரு விரலால இழுக்கறது கஷ்டம். ரெண்டு கட்டை விரலாலயும் அழுத்தும். அப்போ துப்பாக்கி வாய் எந்தப் பக்கம் பார்க்கும்னு யோசிச்சுப் பாருங்க."

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அவர் சொன்ன வரிசையை இங்கே தருகிறேன். முதலில் சுவரோடு பதித்த பூட்டுப் பெட்டி, தோட்டாவுக்குத் தனிப் பூட்டு. இரண்டாவது பயிற்சி. மூன்றாவது, கைக்கு அடங்குகிற பிடி. குழலின் நீளம் நாலாவதுதான். கடைக்காரர் முதலில் பேசுவது அந்த நாலாவதைப் பற்றித்தான்!

நண்பர் இப்போது வசூலில் பெரும்பகுதியை செல்போனிலேயே வாங்கிக்கொள்கிறார். ரொக்கத்தைச் சாயங்காலத்துக்குள் பாங்கில் கட்டிவிடுகிறார். மீறி ராத்திரியானால் கடைப் பையன் கூட வருகிறான். பின்னால் வந்த பைக்கைப் பற்றிப் போலீஸில் எழுதியும் கொடுத்துவிட்டார். மனு பாரம் மட்டும் இன்னும் டிராயரில் இருக்கிறது.

"கிழிச்சுப் போடலியா?" என்று கேட்டேன்.

"இல்ல பாஸ். முதல்ல அந்த ஆணியைப் பிடுங்கிட்டு அப்புறம் யோசிக்கலாம்னு இருக்கேன்."