அஸ்திக் கலசத்தை எப்படி மூடுவது? ஹவுராவிலிருந்து தமிழகம் செல்வோர் கவனிக்க வேண்டியவை

ஹவுரா: மேற்கு வங்கத்தின் ஹவுராவில் சிவ்பூர் சுடுகாட்டை ஒட்டியே ஹூக்ளி நதி ஓடுகிறது. தகனம் முடிந்ததும் எஞ்சிய எலும்பைச் சிறு மண்சட்டியில் எடுத்து அன்றே ஆற்றில் விடுவது வங்காளிகளின் வழக்கம். அந்தச் சட்டிக்கு மூடியே தேவைப்படுவதில்லை.

ராமேசுவரத்திலோ காவிரியிலோ அஸ்தியைக் கரைக்க விரும்பும் தமிழ்க் குடும்பங்களின் நிலை வேறு. சென்னை வரை மட்டுமே ரயிலில் சுமார் 1,660 கி.மீ. பயணம். கலசம் உடையவும் கூடாது, சிந்தவும் கூடாது. ஆற்றங்கரையில் எளிதில் திறக்கவும் வேண்டும்.

முதலில் ஈரம். சஞ்சயனத்தின்போது எலும்பின் மீது பாலும் நீரும் தெளிக்கப்படுகின்றன. அவை உலருமுன் காற்றுப் புகாதவாறு மூடினால் பூஞ்சணம் பிடித்து நாற்றம் எழும். நன்கு ஆறி உலர்ந்த பிறகே மூட வேண்டும். மேலை நாடுகளைப் போல இங்கு எலும்பைப் பொடியாக்குவதில்லை. கூரிய முனைகள் மெல்லிய பாலித்தீன் பையைக் கிழித்துவிடும். எனவே முதலில் பருத்தித் துணியில் முடிந்துகொள்வது நல்லது.

மண்கலசத்துக்கு வாயில் துணியைக் கட்டி நூலால் இறுக்குவதே போதுமானது. வழியில் உடையாமலிருக்க அதை எவர்சில்வர் தூக்கினுள் வைத்துச் சுற்றிலும் துணியைத் திணிக்கலாம். செம்பு, பித்தளைக் கலசமாயின் மூடியின் விளிம்பைச் சுற்றி ஒட்டுநாடா போதும். மெழுகு கோடை வெப்பத்தில் இளகக்கூடும். எம்-சீல் போன்ற பசைகளோ கல்லாக இறுகிவிடும். படித்துறையில், புரோகிதர் காத்திருக்க, கலசத்தைச் சுத்தியலால் தட்டித் திறக்கும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வர வேண்டாம்.

விமானத்தில் செல்வோர் ஈயம் பற்றவைத்து மூடுவதைத் தவிர்க்க வேண்டும். தடித்த உலோகத்தின் உட்புறம் எக்ஸ்ரே சோதனையில் தெளிவாகத் தெரியாது. மரண, தகனச் சான்றிதழ்களைக் கையில் வைத்திருப்பதும், விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே விசாரிப்பதும் அவசியம்.

உடனே கரைக்க இயலாதோர் அஞ்ச வேண்டியதில்லை. உலர்ந்த எலும்பு எளிதில் கெடுவதில்லை. ஒடிசாவின் கட்டாக்கில் வங்கிப் பெட்டகத்தில் பல பத்தாண்டுகள் மரப்பெட்டியில் இருந்த காந்தியடிகளின் அஸ்தி, 1997 ஜனவரி 30-ஆம் தேதிதான் அலகாபாத் திரிவேணி சங்கமத்தில் கரைக்கப்பட்டது.

கரைக்கும்போது பாலித்தீன் பையையும் ஒட்டுநாடாவையும் கரையிலேயே எடுத்துவிட வேண்டும். மண்கலசம் மட்டும் நீரில் இறங்கலாம்.