பொருள் இருக்கு, அதோட கதை எங்கே?

விதை காப்பதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். விதையைப் போலவே இன்னொன்றும் சத்தமில்லாமல் அழிகிறது. வீட்டில் தலைமுறையாக வந்த பழம்பொருளும், அதைப் பற்றிய குடும்பக் கதையும்தான் அது. இதை ஒரு நாடே சேர்ந்து எப்படிக் காப்பாற்றியது என்று பார்க்க, அயர்லாந்துக் கிராமங்களுக்குப் போக வேண்டும்.

நான் வங்கியில் பத்திரம் பார்த்தே காலம் தள்ளியவன். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று இல்லாமல் எதையும் நம்ப மாட்டோம். அயர்லாந்தில் அந்த வழி பாதி அடைபட்டுப் போச்சு. 1922-ல் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது டப்ளினில் பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதி அதில் சாம்பல். 1861 முதல் 1891 வரை எடுத்த ஏடுகளை அதற்கு முன்பே அரசாங்கம் அழித்துவிட்டது. ஆக, ஒரு சிறு விவசாயி தன் பாட்டனுக்குப் பாட்டன் யார் என்று காகிதத்தில் தேடினால் கிடைப்பது கொஞ்சம்தான். மிச்சத்தை வீடுதான் சொல்ல வேண்டும்.

அந்த வீடுகளில் என்ன இருந்தது? நிலம் கிளற 'லாய்' என்ற ஒடுக்கமான மண்வெட்டி. அடுப்பெரிக்க உலர்த்தும் புல்கரி மண்ணை வெட்ட 'ஷ்லான்'. வெண்ணெய் கடையும் மரப்பீப்பாய். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேச்சு உண்டு. வெண்ணெய் கடையும்போது வீட்டுக்குள் வருபவர் ஒரு கை பிடித்துக் கடைந்துவிட்டுத்தான் போகணும், இல்லேன்னா வெண்ணெய் திரளாது என்பார்கள். மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் வந்தவரும் வேலையில் கை கொடுக்கணும் என்ற ஊர் ஒழுங்கு அதற்குள் இருக்கிறது.

பொருள் தனியாக நின்றால் என்ன ஆகும் என்பதற்குப் பஞ்சகால அண்டாவே சாட்சி. 1845-ல் உருளைக்கிழங்கில் கருகல் நோய் விழுந்தது. அடுத்த ஏழு வருஷத்தில் சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் நோயாலும் செத்தார்கள். அதே அளவு பேர் கப்பலேறிப் போனார்கள். 1847 கோடையில் அரசு திறந்த கஞ்சித்தொட்டிகளில் ஒரு நாளைக்கு 30 லட்சம் பேர் வரை சாப்பிட்டார்கள். அதற்காக வார்த்த பெரிய இரும்பு அண்டாக்களில் சில, பிறகு பண்ணைகளில் மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியாகிவிட்டன. கதை தெரிந்த வீட்டில் அது ஊரே உயிர் பிழைத்த பாத்திரம். கதை தெரியாத வீட்டில் பழைய இரும்பு, எடைக்கு எடை காசு.

இதைத் தடுக்க அவர்கள் செய்த வேலைதான் நமக்கு முக்கியம். 1935-ல் ஐரிஷ் நாட்டுப்புறவியல் ஆணையம் அமைந்தது. 1937 முதல் 1939 வரை சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளில் 50,000 பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். 11 முதல் 14 வயதுப் பிள்ளைகள். கட்டுரைப் பாடத்துக்குப் பதிலாக, வீட்டுப் பெரியவர்களிடமும் அக்கம்பக்கத்திலும் கேட்டு எழுதி வரணும். புதையல் கதை, உருளைக்கிழங்குச் சாகுபடி, கொல்லன் பட்டறை, மழைக்குறி, கைவைத்தியம், பஞ்ச காலம் என்று ஐம்பதுக்கு மேல் தலைப்புகள். சேர்ந்தது சுமார் 7,40,000 பக்கம்! இன்று இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1937-ல் 85 வயதான பாட்டி பிறந்தது 1852. பஞ்சத்தில் தப்பிப் பிழைத்த தாய் தகப்பன் வாயாலேயே கதை கேட்டு வளர்ந்தவர். இந்த வேலையை இன்னும் 15 வருஷம் தள்ளிப் போட்டிருந்தால் அந்தத் தலைமுறையே இருந்திருக்காது. அண்டா இருக்கும், சொல்ல ஆள் இருக்காது.

விதைக்கும் இதே நியாயம்தான். கிளேர் மாவட்டம் ஸ்காரிஃப் ஊரில் இயங்கும் ஐரிஷ் விதைக் காப்பாளர் சங்கம் 1991-ல் தொடங்கியது. பழைய தோட்டங்களில் மிஞ்சி நின்ற நாட்டு ஆப்பிள் மரங்களைத் தேடி ஒட்டுக்கட்டிக் காத்து வருகிறது. மரத்திலிருந்து குச்சி வெட்டி ஒட்டுக்கட்டிவிடலாம். அதன் பெயரும் எந்த மாசம் பறிக்கணும், எதுக்கு ஆகும் என்பதும் மரத்தில் எழுதியிருக்காது. அது ஒரு குடும்பத்தின் நினைவில்தான் இருக்கும்.

நாம் செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. வீட்டுப் பிள்ளை கையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுங்கள். ஒரு பொருளுக்கு ஒரு பக்கம். யார் செய்தது, யாரிடமிருந்து வந்தது, எதுக்குப் பயன்பட்டது, கஷ்ட காலத்தில் ஏன் விற்காமல் வைத்திருந்தார்கள் என்று நாலே கேள்வி. சொன்னவர் பெயர், வயது, தேதி கட்டாயம் எழுதணும். தேதி இல்லாத ரசீது எந்தக் கணக்குக்கும் உதவாது. இதைப் பிள்ளை கேட்டால் தாத்தா பாட்டி மறுக்காமல் சொல்வார்கள். ஒன்று மட்டும்: அடுத்த பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.